லாரிக்குப் புகைச் சான்று: பட்டறை முதல் பரிசோதனை மையம் வரை முழுமையான வழிகாட்டி

டீசல் லாரியின் புகைப் பரிசோதனை சிறிது நேர வேலைதான். ஆனால் வண்டி தேறுமா, தவறுமா என்பது பெரும்பாலும் பரிசோதனை மையத்துக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடுகிறது. புதிதாக லாரி வாங்கியவர்களும், அலுவலகத்தில் காகிதங்களைப் பார்க்கத் தொடங்கிய மேலாளர்களும் ஒரே மாதிரிதான் சிக்கிக்கொள்கிறார்கள். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முதல் நாள், குளிர்ந்த எஞ்சினோடும் எப்போதோ கைவிட்ட செல்பேசி எண்ணோடும் வரிசையில் நிற்கிறார்கள். புகை கூடுதலாக வந்ததும், டீசல் பம்ப்பைத் திருகிக் குறைக்க ஆள் தேடுகிறார்கள். செய்யவேண்டிய வேலைகள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எதை முதலில் செய்வது என்பதுதான் தெரிவதில்லை. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இது டீசல் லாரி, டிப்பர், டிரெய்லர்களுக்கானது. சி.என்.ஜி., எல்.என்.ஜி. வண்டிகளுக்கு அளப்பதும் வேறு, கருவியும் வேறு.

1. வண்டி எந்த பி.எஸ். என்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பாருங்கள்

எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. புகையின் வரம்பும் சான்றின் ஆயுளும் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் என்னும் மாசுக் கட்டுப்பாட்டு) நிலையைப் பொறுத்தே மாறுகின்றன. நாடு முழுவதும் பி.எஸ்.4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 அன்று, பி.எஸ்.6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1 அன்று. ஆனாலும் வாங்கிய ஆண்டை வைத்து ஊகிக்க வேண்டாம். பெருநகரங்களில் பி.எஸ்.4 முன்னதாகவே வந்துவிட்டது. ஆர்.சி.யில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆவது விதிப்படி, பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை புது வண்டிக்குத் தனியாகப் புகைச் சான்று தேவையில்லை. அதன் பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்று 12 மாதம் செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதம்தான். பழைய பி.எஸ்.3 லாரியையும் புதிய லாரியையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே தேதிக் கணக்கை வைத்துக்கொண்டு, பழையதைக் காலாவதியாக விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

புகையின் வரம்பு இப்படி: பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குக் கே மதிப்பு மீட்டருக்கு 2.45, அதாவது 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பி.எஸ்.4-க்கு 1.62, அதாவது 50 ஹார்ட்ரிட்ஜ். பி.எஸ்.6 வண்டிகளிடம் எதிர்பார்க்கப்படுவது இன்னும் குறைவான புகை. இந்தக் கே மதிப்பு, புகைக்குள் பாய்ச்சும் ஒளியில் எவ்வளவு மறைகிறது என்பதிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஹார்ட்ரிட்ஜ் என்பது அதே அளவை 430 மில்லிமீட்டர் நீளப் புகைக் குழாய்க்கு மாற்றிச் சொல்லும் விழுக்காடு. காகிதத்தில் இரண்டு எண்கள் இருந்தாலும் அளக்கப்படுவது ஒன்றுதான், குழம்ப வேண்டியதில்லை.

2. வாஹன் (அரசின் கணினி வாகனப் பதிவேடு) பதிவில் உள்ள செல்பேசி எண்ணைச் சரிசெய்யுங்கள்

நாடு முழுவதற்கும் ஒரே படிவத்தில் க்யூ.ஆர். குறியீட்டோடு சான்று தரும் முறை 2021-இல் வந்தது. அன்றிலிருந்து உரிமையாளரின் செல்பேசி எண் இல்லாமல் வேலை நடக்காது. பழைய உரிமையாளரின் எண்ணோ, பயன்பாட்டில் இல்லாத எண்ணோ பதிவில் இருந்தால், ஓ.டி.பி. யாருக்கோ போகும். எஞ்சின் சூடாக, வண்டி தயாராக நிற்கும், கணினியோ நகராது.

ஆகவே பரிவாகன் என்னும் அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் எண்ணை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். வண்டியை ஓட்டுநர் மையத்துக்குக் கொண்டுபோகும் நேரத்தில், எண்ணை வைத்திருப்பவர் கையில் செல்பேசியோடு இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் லாரி வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தோடு இதையும் அன்றே முடித்துவிடுவது நல்லது.

கையோடு நம்பர் பிளேட்டையும் துடைத்துவிடுங்கள். சான்றில் எண் தெரியும்படி வண்டியின் படம் ஏறும். சேறு அப்பிய பிளேட்டோடு வரும் டிப்பர்களை மையத்தில் மறுபடி கழுவ அனுப்புவார்கள்.

3. எஃப்.சி. தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எட்டு ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும். எஃப்.சி.க்குப் போகும்போது செல்லுபடியாகும் புகைச் சான்று கையில் இருக்க வேண்டும். புகையில் தவறினால் பட்டறைக்குப் போகவேண்டி வரும். நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) பரிசோதனை என்றால் ஓரிரு நாள் போகலாம். பம்ப்பை இறக்கினால் இன்னும் அதிகம்.

எஃப்.சி. நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகப் புகைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். புதிய சான்று பரிசோதித்த நாளிலிருந்து கணக்காவதால் பழைய சான்றில் சில நாட்கள் வீணாகும். போகட்டும். வாடகைக்குப் போகாமல் லாரி ஒரு நாள் நின்றால் ஆகும் நட்டம் அதைவிடப் பெரிது.

4. பட்டறையில்: மலிவானதிலிருந்து விலை கூடியதற்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கரும்புகை என்றால் எரிவதற்குத் தேவையான காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது. பலரும் டீசல் பக்கத்தில் கை வைக்கிறார்கள். காற்றுப் பக்கத்தைப் பார்ப்பதற்குச் செலவு குறைவு; குறையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஏர் ஃபில்டர்: முதலில் இதைப் பாருங்கள். ஃபில்டர் அடைப்பைக் காட்டும் சிறு குமிழ் பல லாரிகளில் உண்டு. அதில் சிவப்பு தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்கும். உள்ளே இருக்கும் சிறிய பாதுகாப்பு ஃபில்டரைக் காற்றடிக்கவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். பரிசோதனைக்காக ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ரேஸ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சில நிமிடத்தில் உறிஞ்சப்படும் மணல் தூள் டர்போவின் இறக்கையைத் தேய்த்துவிடும்.

டர்போ ஹோஸும் இன்டர்கூலரும்: டர்போ அமுக்கித் தரும் காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் வழியில் கசிந்தால், எஞ்சின் கேட்கும்போது காற்று இருக்காது. ஹோஸை மேலிருந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதால் பயனில்லை. கையை அடியில் விட்டு கிளாம்ப் ஓரமாகத் தடவுங்கள். எண்ணெயும் தூசியும் கலந்து பிசுபிசுப்பாக ஒரு கோடு விரலில் ஒட்டினால் அங்கே காற்று வெளியேறுகிறது. ஹோஸைச் சற்று வளைத்தால், சும்மா இருக்கும்போது மூடிக்கிடந்த வெடிப்பு வாய் திறக்கும். ரேஸ் கொடுக்கும்போது சீட்டியடிப்பது போன்ற ஓசை வந்தாலும் இதுதான் காரணமாக இருக்கும். ஒரு கிளாம்ப்பை மாற்றியதும் புகை பாதியாக இறங்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் ஆயில்: டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் இருந்தால் இறக்கிவிடுங்கள். மிகுந்த ஆயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டால் நீலப்புகை வரும். முழு ரேஸில் எஞ்சின் கட்டுப்பாடின்றி ஓடும் ஆபத்தும் உண்டு.

டீசல் ஃபில்டரும் டீசலும்: ஃபில்டரை மாற்றுங்கள், நீர் பிரிப்பானில் தேங்கிய நீரைத் திறந்துவிடுங்கள். நம்பகமான பங்க்கில் டீசல் நிரப்புங்கள். புகையைக் குறைக்கும் என்று விற்கும் பாட்டில்களை நம்பிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

டாப்பெட், நாசில்: டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியை எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். அதற்குப் பிறகே நாசில். மேசையில் வைத்துப் பார்த்தால் நல்ல நாசில் பனிபோலத் தூவும், தேய்ந்தது சொட்டும். சொட்டாக விழும் டீசல் முழுதாக எரியாமல் கரியாகிறது.

பம்ப்: இது கடைசியில்தான். பழைய இன்லைன் பம்ப் உள்ள டர்போ எஞ்சின்களில், டர்போ அழுத்தம் ஏறும்வரை டீசலைக் குறைத்து வைக்க ஒரு டயஃப்ரம் உண்டு. எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குப் போகும். அந்தக் குழாய் உடைந்தாலோ, டயஃப்ரம் கிழிந்தாலோ வண்டியில் இழுவை குறையும். இழுவை இல்லை என்று ஓட்டுநர் சொன்னதும், காரணத்தைப் பார்க்காமல் சீலை உடைத்து டீசல் ஸ்குரூவைக் கூட்டிவிடுவார்கள். மேட்டில் வண்டி இழுக்கும். ஆனால் பெடலை மிதித்த முதல் நொடியில், டர்போ சுற்றி வருவதற்கு முன்பே, டீசல் கொட்டிவிடும். புகைப் பரிசோதனை அளப்பது சரியாக அந்த நொடியைத்தான். இப்படிப்பட்ட வண்டியில் குழாயையும் டயஃப்ரத்தையும் மாற்றி, பம்ப்பை அங்கீகரிக்கப்பட்ட பம்ப் பட்டறையில் மேசையில் ஏற்றி அளவு வைத்து, மறுபடி சீல் போடுங்கள். பரிசோதனைக்காக மட்டும் ஸ்குரூவைக் குறைத்து, மறுநாள் கூட்டிக்கொள்ளும் பழக்கம் எஞ்சினையும் கெடுக்கும், டீசல் செலவையும் ஏற்றும்.

பி.எஸ்.4 வண்டிகளில் ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) இருந்தால் அதன் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தால் புதுக் காற்றின் இடத்தைப் பழைய புகை பிடித்துக்கொள்ளும். அப்போது மற்ற எதைச் சரிசெய்தாலும் கரும்புகை அடங்காது.

புகையை அளக்கும் ஸ்மோக் மீட்டருக்கு நிறம் தெரியாது. எஞ்சின் சூடான பிறகும் வரும் வெள்ளைப்புகையும், ஆயில் எரியும் நீலப்புகையும் ஒளியை மறைக்கத்தான் செய்யும். வெள்ளைப்புகை அடங்கவில்லை என்றால் டைமிங்கையும் (டீசல் தூவப்படும் நேரத்தையும்), ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்பதையும் பாருங்கள். நீலம் என்றால் டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங்.

5. பி.எஸ்.6 வண்டி என்றால்

டேஷ் போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியக்கூடாது. எரிந்தால் முதலில் சர்வீஸ் மையம். அதன் பிறகுதான் பரிசோதனை.

டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி நன்றாக இருந்தால், சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தாலும் துணி பெரிதாகக் கறுக்காது. மையாகக் கறுத்தால் வடிகட்டியில் விரிசல் விட்டிருக்கும், அல்லது யாரோ உள்ளே இருப்பதை உடைத்து எடுத்திருப்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்கு முன் இந்தத் துணிச் சோதனையைச் செய்துவிடுங்கள். புது வடிகட்டியின் விலை மிக அதிகம்.

ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடும் டிப்பர்களில் வடிகட்டி போதிய சூடேறாது. கரி சேர்ந்துகொண்டே போகும். ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியைச் சூட்டில் எரித்துவிடும் வேலை) விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி அதை முடித்துவிடுங்கள். அப்போது சைலன்சர் கடுமையாகச் சூடாகும் என்பதால் காய்ந்த புல், வைக்கோல், எண்ணெய்ப் பீப்பாய் இருக்கும் இடத்தில் நிறுத்தவே கூடாது. பாதி ரீஜெனரேஷனில் பரிசோதனைக்குப் போகவும் வேண்டாம்.

டி.இ.எஃப். பற்றி ஒரு வார்த்தை. 32.5 விழுக்காடு யூரியா கலந்த அந்தத் திரவம் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்கானது. ஸ்மோக் மீட்டர் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆகவே புகையில் தேறிவிட்டதால் டி.இ.எஃப். அமைப்பும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும், கருவி மாட்டி டி.இ.எஃப்.-ஐ ஏமாற்றுவதும் மீட்டரில் தெரியாமல் போகலாம். அந்த நச்சு என்னவோ வெளியே வந்துகொண்டேதான் இருக்கும், அதைக் குறைக்கும் கேட்டலிஸ்ட்டும் அடைத்துக்கொள்ளும்.

6. ஓட்டிச் சூடாக்குங்கள்

பரிசோதனையின்போது எஞ்சின் ஆயில் குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது என்பதால் நல்ல வண்டியும் கூடுதல் புகை காட்டும்.

ஐடிலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் சூடாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. பெரிய டீசல் எஞ்சின் ஐடிலில் மெதுவாகத்தான் சூடேறும். அதோடு சைலன்சருக்குள் கரியும் சேரும். டேஷ் போர்டு காட்டுவது தண்ணீரின் சூடு. ஆயில் அதைவிடத் தாமதமாகச் சூடாகும். அரை மணி நேரமாவது சாலையில், முடிந்தால் ஒரு மேடு ஏறும்படி ஓட்டிக்கொண்டு நேராக மையத்துக்கு வாருங்கள். வரிசை நீளமாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, முறை வருவதற்கு முன் மறுபடி ஒரு சுற்றுப் போய்வருவது நல்லது. லோடு இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. பரிசோதனை நியூட்ரலில்தான் நடக்கும்.

7. மீட்டரை மாட்டுவதற்கு முன்

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஏ.சி., எக்ஸாஸ்ட் பிரேக், டிப்பராக இருந்தால் பி.டி.ஓ. (தொட்டியைத் தூக்க எஞ்சின் விசையை எடுக்கும் அமைப்பு) எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் பிடித்திருந்தால் புகை வெளியேற வழியின்றி அளவு தாறுமாறாகும்.

பரிசோதிப்பவரிடம் மூன்றைக் கவனியுங்கள், தயங்காமல் கேளுங்கள். சைலன்சரில் புரோபை (அளக்கும் குழாயை) செருகும் முன் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் முந்தைய வண்டியின் கரி கண்ணாடியில் படிந்திருக்கிறது. அந்தக் கரியின் கணக்கு உங்கள் வண்டியில் சேர்ந்துவிடும். மீட்டரின் அளவுத்திருத்தச் சான்று காலாவதி ஆகவில்லையா? ஆர்.பி.எம். சென்சாரும் ஆயில் சூட்டைப் பார்க்கும் கம்பியும் மாட்டப்பட்டிருக்கின்றனவா? நல்ல மையம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் முதலிலேயே அடைத்துவிடுங்கள். வெளிக்காற்று கலந்தால் அளவு பொய்யாகக் குறையும்.

8. பெடலை அழுத்தும் முறை

மீட்டரில் வரும் எண்ணின் பெரும்பகுதி ஓட்டுநரின் காலில் இருக்கிறது. பெடலை ஒரே மூச்சில், வேகமாக, ஆனால் உதைக்காமல் அடி வரை அழுத்த வேண்டும். கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) அனுமதிக்கும் உச்ச வேகத்தை எஞ்சின் தொட்டதும், பரிசோதிப்பவர் சைகை காட்டும்போது முழுதாக விட்டுவிட வேண்டும். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கி அமைதியான பிறகே அடுத்த அழுத்தல்.

அதற்கு முன் ஒரு பாதுகாப்புப் படி உண்டு. ஒருமுறை மெதுவாக ரேஸை ஏற்றி, கவர்னர் உச்ச வேகத்தில் பிடித்து நிறுத்துகிறதா என்று கேளுங்கள். பிடிக்காத எஞ்சினை ஒரேயடியாக மிதித்தால் உடைந்துபோகும். சந்தேகம் இருந்தால் பரிசோதனையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

முதல் சில அழுத்தல்கள் கணக்கில் வராது. சைலன்சரில் ஏற்கெனவே கிடக்கும் கரியை வெளியே தள்ளுவதற்காக அவை. பிறகு வரும் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவந்தால்தான் அவற்றின் சராசரி எடுக்கப்படும்.

புதிய ஓட்டுநர்கள் இரண்டு வகையாகத் தவறுகிறார்கள். சிலர் புகை வரக்கூடாது என்று பயந்து பாதி வரை மெல்ல அழுத்துவார்கள். ஆர்.பி.எம். உச்சத்தைத் தொடாததால் அந்த அழுத்தல் செல்லாது. சிலர் ஐடிலுக்கு இறங்கும் முன்பே மறுபடி மிதிப்பார்கள். ஓர் அளவு ஏறி, அடுத்தது இறங்கி, சராசரி கிடைக்காமல் நேரம் போகும். பட்டறையிலேயே எஞ்சின் சூடானதும் ஓரிரு முறை இந்த அழுத்தலைப் பழகிவிட்டு வரச் சொல்லுங்கள்.

9. தவறினால் நிராகரிப்புச் சீட்டைப் படியுங்கள்

வரம்பைத் தாண்டினால் நிராகரிப்புச் சீட்டு தருவார்கள். அதைக் கசக்கி எறியாதீர்கள். பட்டறைக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. அளவுகள் ஒரே சீராகக் கூடுதலாக இருந்தால் ஃபில்டர், ஹோஸ், பம்ப் என்று நான்காம் பகுதியின் வரிசையில் போங்கள். முதல் அளவு மிகக் கூடுதலாக இருந்து அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே வந்தால் சைலன்சரில் கரி நிறைய இருந்திருக்கிறது. நன்றாக ஓட்டிவிட்டு வந்தாலே தேறக்கூடும். ஆயில் சூடு குறைவாக அச்சாகியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். ஸ்பானரைத் தொட வேண்டாம்.

10. சான்று கையில் வந்ததும்

மையத்தை விட்டு வெளியேறும் முன் வண்டி எண், எரிபொருள், பி.எஸ். நிலை, முடிவுத் தேதி நான்கையும் சரிபாருங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்துச் சான்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சாலையில் சோதிப்பவர்கள் பார்ப்பதும் அந்தப் பதிவைத்தான்.

வண்டியைச் சோதிக்காமலேயே சான்று தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பவர் உங்கள் ஓட்டுநர்தான். சட்டப்படியும் அந்தக் காகிதம் முழுப் பாதுகாப்பு தராது. வண்டி வரம்பை மீறிப் புகைவிடுகிறது என்று கருதினால், கையில் சான்று இருந்தாலும் மறுபடி பரிசோதிக்கும்படி மோட்டார் வாகன ஆய்வாளரோ, சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்ட காவல் அதிகாரியுமோ 116-ஆவது விதிப்படி எழுத்தில் உத்தரவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் சேரும்.

வடக்கே லோடு ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று. சான்று எந்த மாநிலத்தில் எடுத்தாலும் நாடு முழுவதும் செல்லும். வழியில் காலாவதியானால் அங்கேயே அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டெல்லிக்குள் நுழைய அது மட்டும் போதாது. டெல்லியில் பதிவாகாத பி.எஸ்.3-உம் அதற்குக் கீழும் உள்ள சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நுழைவு இல்லை, பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் அவகாசம். லோடு பேசும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்.

ஒவ்வொரு பரிசோதனையின் கே மதிப்பையும் கிலோமீட்டரோடு சேர்த்து வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதிவையுங்கள். வரம்புக்குள் இருந்தாலும் சென்ற முறை 0.9 காட்டிய பி.எஸ்.4 வண்டி இந்த முறை 1.4 காட்டினால், அடுத்த சான்று வரை காத்திருக்காமல் அந்த வாரமே ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் திறந்து பார்த்துவிடுங்கள்.